ட்ரோனில் நிலத்தைப் படமெடுத்து வைப்பது எப்படி: உரிமையாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நிலம் ஊரில், பிழைப்பு வெளியூரில் என்று இருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பொங்கலுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போகும்போது வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதோடு சரி. தரையில் நின்று பார்த்தால் ஐந்து ஏக்கரில் அரை ஏக்கர்கூட முழுசாகக் கண்ணில் படாது. சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தால் அதுவும் இல்லை. அதே நிலத்தை 60 மீட்டர் உயரத்திலிருந்து பாருங்கள். வரப்பு எங்கே வளைகிறது, பக்கத்துத் தோட்டத்துக் கம்பி வேலி எங்கே உள்ளே வருகிறது, மழைத்தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று எல்லாம் ஒரே படத்தில் தெரியும்.

இப்போது கல்யாணத்துக்கு ட்ரோன் பறக்கவிடுகிறவர்களே நிலத்தையும் எடுத்துத் தருகிறார்கள். பாட்டு போட்டு, மெதுவாகச் சுற்றிவந்து, சூரியன் மறைவதோடு முடியும் வீடியோக்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாளைக்கு எல்லைத் தகராறு வந்தால் அதில் ஒரு எல்லைக்கல்கூடத் தெரியாது. எந்தத் தேதியில் எடுத்தது என்று காட்ட வழி இருக்காது. உரிமையாளருக்கு வேண்டியது வேறு வகைப் படம்.

வான்படம் நிலம் யாருடையது என்று சொல்லாது. அதைப் பத்திரமும் பட்டாவும் புலப்படமும்தான் (நில அளவைத் துறையின் எல்லை வரைபடம்) சொல்ல வேண்டும். இந்தத் தேதியில் இந்த நிலத்தில் என்னென்ன இருந்தது என்பதை மட்டும் படம் சொல்லும். அதையும் வருடா வருடம் ஒரே மாதிரி எடுத்து வைத்தால்தான் சொல்லும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு நோக்கத்தை மனதில் வைத்துத்தான்.

1. எதற்காக எடுக்கிறீர்கள்?

ஆபரேட்டரைக் கூப்பிடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். எல்லையைக் காப்பதற்கு என்றால் நேர் மேலிருந்து, தாழ்வாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நிறையப் படங்கள் வேண்டும். விற்பதற்கு என்றால் சாய்வான கோணம் போதும். சாலை, பஸ் நிறுத்தம், ஏரி, பக்கத்து லேஅவுட் எல்லாம் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். தண்ணீர் ஓட்டம் பார்க்க என்றால் மழைக்கு மறுநாளே எடுக்க வேண்டும். தோப்பில் மரக் கணக்கு வேண்டுமென்றால் அதற்கு வேறு உயரம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் வேலை எது என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வீடியோ எடுப்பதிலேயே பேட்டரியைத் தீர்த்துவிடுவார்.

2. பேப்பரை எடுத்து மேசையில் வையுங்கள்

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டா நகல், 'அ' பதிவேடு (புல எண் வாரியாக நில விவரம் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் மூன்றும் எடுக்கலாம். இதில் மிக முக்கியம் புலப்படம். ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் அதில் இருக்கும். எந்த முனையில் கல் இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 0 - 40.50 என்று போட்டிருந்தால் 40.5 ஏர், ஏறக்குறைய சரியாக ஒரு ஏக்கர். பழைய பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும், பட்டா ஏரில் பேசும். இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றி எழுதி வைத்துக்கொண்டால்தான் பிறகு படத்தோடு ஒப்பிட வசதியாக இருக்கும். பத்திரத்தில் உள்ள செக்குபந்தியையும், அதாவது நான்கு எல்லை விவரத்தையும், ஒரு முறை படித்துவிடுங்கள். "வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை" என்று இருந்தால் அந்தப் பாதையும் ஓடையும் படத்துக்குள் வந்தாக வேண்டும்.

'அ' பதிவேட்டில் பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு, பாதை புறம்போக்கு என்று ஏதாவது உங்கள் நிலத்தை ஒட்டி ஓடினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நீர்நிலைப் புறம்போக்கு நிலத்துக்கு நடுவே போகிறதா என்பது தரையில் நின்றால் புதரில் மறைந்துபோகும். மேலிருந்து பார்த்தால் பழைய ஓடையின் தடம் பச்சை நிறத்தின் வித்தியாசத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

3. செலவில்லாத படத்தை முதலில் பாருங்கள்

கூகுள் எர்த் புரோ கணினியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் பார்க்கும் வசதி உண்டு. பல ஊர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய படமும் இருக்கும். உங்கள் நிலத்தைத் தேடி, ஒவ்வொரு ஆண்டாக நகர்த்திப் பாருங்கள். பக்கத்து மோட்டார் ரூம் எப்போது முளைத்தது, வண்டிப்பாதை எந்த ஆண்டிலிருந்து உழவுக்குள் போனது என்று தெரிய வரும். இஸ்ரோவின் புவன் தளத்திலும் ஒரு பார்வை பார்க்கலாம்.

அப்புறம், கூகுள் எர்த்தில் நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டு அந்தக் கோப்பைச் சேமித்து ஆபரேட்டருக்கு அனுப்புங்கள். எல்லைக்கு வெளியேயும் எல்லாப் பக்கமும் 30 மீட்டர் சேர்த்தே போடுங்கள். அவர் அதை வைத்தே பறக்கும் பாதையைத் திட்டமிடலாம். மண்டப வாசலில் நின்று பழகியவருக்கு உங்கள் காட்டு வழி தெரியாது.

ஆனால் இந்தக் கோட்டை எல்லையாக நம்பிவிடாதீர்கள். செயற்கைக்கோள் படமே சில மீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும். 100 மீட்டர் நீளமுள்ள பக்கத்தில் 3 மீட்டர் நகர்ந்தால் 300 சதுர மீட்டர், அதாவது ஏழு சென்ட்டுக்கு மேல். போனில் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு "பங்காளி ஏழு சென்ட் சேர்த்துக்கொண்டான்" என்று சண்டைக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. நிலம் அங்கேயேதான் இருக்கிறது, நகர்ந்தது படம்.

4. கல்லைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு முனையிலும் கல்லைத் தேடுங்கள். பாதிக் கல் வரப்புக்குள் புதைந்திருக்கும். வருடா வருடம் மண் அணைத்து அணைத்து வரப்பு உயர்ந்து, கல்லின் தலை மட்டும் நான்கு விரல் அகலத்துக்குத் தெரியும். சில இடத்தில் அதுவும் தெரியாது. கடப்பாரையால் மெல்லக் குத்திப் பார்த்தால் "டக்" என்று ஒரு சத்தம் வரும், அப்போதுதான் தெரியும். மூன்று புல எண்களோ மூன்று கிராமங்களோ சேரும் இடத்தில் இருக்கும் முச்சந்திக் கல் கிடைத்தால் அது பெரிய விஷயம். அளவு எடுப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்க விரும்புவார்கள்.

தேடும்போது பக்கத்துத் தோட்டக்காரரையும் கூப்பிடுங்கள். "அண்ணே, நாளைக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறோம், கல்லெல்லாம் எங்க இருக்குன்னு நீங்களும் வந்து காட்டுங்க" என்று முன்னாடியே சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். சொல்லாமல் ஒரு நாள் தலைக்கு மேல் ட்ரோன் சத்தம் கேட்டால், நிலத்தை அளக்க ஆள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

கிடைத்த கல்லைச் சுத்தம் செய்து, சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்குங்கள். அதன் மேல் அடையாளம் போட வேண்டும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கல் 60 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒன்பது பிக்சல் அளவுக்குத்தான் வரும். சாம்பல் நிறக் கல், சாம்பல் நிற மண் என்றால் கண்டுபிடிக்கவே முடியாது. வெள்ளை உரச் சாக்கை வெட்டி, கல் நடுவில் வருமாறு 60 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கூட்டல் குறி போட்டு, காற்றில் பறக்காமல் நான்கு முனையிலும் செங்கல் வையுங்கள். சுண்ணாம்பாலும் போடலாம். ஒவ்வொரு கல்லையும் கிட்டத்தில் நின்று போனிலும் ஒரு படம் எடுங்கள். பின்னணியில் ஏதாவது ஒரு மரமோ கிணறோ தெரிய வேண்டும்.

கல் கிடைக்கவில்லை என்றால் நீங்களாக ஒன்றை நடாதீர்கள். இருக்கிற கல்லை ஒரு அடி நகர்த்துவதும் கூடாது. அளவைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம். காணாமல் போன கல்லுக்கு நில அளவருக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

5. பறக்க அனுமதி இருக்கிறதா?

இந்தியாவில் இதற்கு 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் இருக்கின்றன. வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலம். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கத் தனி அனுமதி வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். அதற்கும் கிட்டே போனால் மஞ்சள் மண்டலம், தரையிலிருந்தே அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. மண்டல வரைபடம் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் நிலம் எதில் வருகிறது என்று நீங்களே பாருங்கள், ஆபரேட்டர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டிய இடங்கள் நிறைய. சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி, சேலம் விமான நிலையங்கள் எல்லோருக்கும் தெரியும். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்களும், அரக்கோணம், உச்சிப்புளி கடற்படை விமானத் தளங்களும், கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களும் பலருக்கு நினைவில் வராது. இவற்றின் பக்கத்தில் நிலம் இருந்தால் வரைபடத்தை இரண்டு முறை பாருங்கள். காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையையும் கேளுங்கள்.

ட்ரோனின் எடையும் முக்கியம். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். சொந்த ட்ரோனில் உங்கள் நிலத்தை நீங்களே எடுக்கிறீர்கள், வணிக நோக்கம் இல்லை என்றால் நானோ, மைக்ரோ இரண்டுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ட்ரோன் பறக்கவிடுபவருக்குச் சான்றிதழ் கட்டாயம். பதிவு செய்த ட்ரோனுக்குத் தனி அடையாள எண் இருக்கும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. முக்கியப் பிரமுகர் வருகை, திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் சில நாட்களுக்கு ட்ரோனுக்குத் தடை போடுவது வழக்கம். சென்னையிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு அந்தத் தடை இருந்தால் பயணம் வீண்.

6. ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியவை

"சார், ஃபோர்கே குவாலிட்டி" என்பார்கள். அது வீடியோவுக்கு. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பைலட் சான்றிதழ், ட்ரோனின் அடையாள எண், காப்பீடு மூன்றையும் போனில் காட்டச் சொல்லுங்கள். முன்பு நில வரைபட வேலை செய்திருக்கிறாரா, தானியங்கிப் பாதையில் பறக்கவிடத் தெரியுமா என்று கேளுங்கள். முன்பு செய்த ஒரு வேலையின் முழுப் படத்தைத் திறந்து காட்டச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும்.

எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேமராவில் பதிவான மூலக் கோப்புகள் அத்தனையும், திருத்தாமல், பெயர் மாற்றாமல் உங்களுக்கு வர வேண்டும். எடிட் செய்த வீடியோவை மட்டும் தந்துவிட்டு மெமரி கார்டை அழித்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக இதைப் போட்டு, "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தை அவர் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

7. எந்த மாதம், எந்த நேரம்?

எல்லைப் பதிவுக்கு அறுவடை முடிந்த காலமே சிறந்தது. டெல்டாவில் சம்பா அறுத்த பிறகு, தை கடைசியிலிருந்து பங்குனி வரை வயல் வெறுமையாக இருக்கும், வரப்பு கோடு போட்டது போலத் தெரியும். பயிர் நிற்கும்போது எடுத்தால் நெல்லும் வரப்புப் புல்லும் ஒரே பச்சையாகக் கலந்துவிடும். மானாவாரிப் புஞ்சையில் கோடை உழவுக்கு முன்பு எடுங்கள். உழுதுவிட்டால் பழைய தடங்கள் போய்விடும்.

ஆடி மாதத்தைத் தவிர்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் உடுமலை, பல்லடம் பக்கமும், கம்பம் பள்ளத்தாக்கிலும், ஆரல்வாய்மொழிப் பக்கமும் சின்ன ட்ரோன் நிலையாக நிற்கவே தடுமாறும். மற்ற மாதங்களிலும் காலை ஏழிலிருந்து பத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

ஆனால் வெளிச்சத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் நிழல் நீளமாக விழும். வரப்பின் மேடு பள்ளம் அழகாகத் தெரியும். அதே சமயம் பனை, தென்னை நிழல் எல்லைக்கல் மேல் விழுந்து மறைக்கும். வரைபடத்துக்கு வேண்டிய நேர் மேல் படங்களை ஒன்பதரை, பத்து மணிக்கும், சாய்வுக் கோணப் படங்களை ஏழு மணிக்கும் எடுத்தால் இரண்டும் சரியாக வரும். முழு மேகமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது, நிழலே இருக்காது.

தண்ணீர் பார்க்க என்றால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலை போங்கள். எந்த மடை உடைந்திருக்கிறது, மேட்டுக்காடு எது, வீடு கட்டினால் எங்கே தண்ணீர் நிற்கும் என்று அந்த ஒரு நாள் சொல்வதை வேறு எந்த நாளும் சொல்லாது. மனை வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

8. எடுக்கும் நாள்

முதலில் சுற்றி நடந்து மின்கம்பிகளைப் பாருங்கள். தோட்டத்துக்கு வரும் மின்கம்பி கேமராத் திரையில் தெரியவே தெரியாது. உயரமான பனை, செல்போன் டவர், காற்றாலை எல்லாவற்றையும் ஆபரேட்டருக்குக் காட்டுங்கள். காக்கை கூடு கட்டும் காலத்தில் கூட்டமாக வந்து ட்ரோனைத் துரத்தும். பருந்தும் அப்படியே. பறவை நெருங்கினால் விலகிப் போகச் சொல்லுங்கள், வேறு நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

ட்ரோன் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது. ஏற்காடு, கொல்லிமலை போன்ற சரிவு நிலத்தில் கீழ் மூலையிலிருந்து கிளம்பி 60 மீட்டர் என்று வைத்தால் மேல் மூலையில் மரத்தின் மேல் மோதும் உயரத்துக்கு வந்துவிடலாம். சரிவில் மேட்டிலிருந்து கிளம்புவதுதான் பாதுகாப்பு.

வரைபடப் படங்கள் இப்படி. கேமரா நேராகக் கீழே பார்க்க வேண்டும். உயரம் 60 மீட்டர். அடுத்தடுத்த படங்கள் 75 சதவீதமும், பக்கத்து வரிசைகள் 70 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஒரு அங்குல சென்சார் உள்ள கேமரா என்றால் 60 மீட்டரிலிருந்து ஒரு படத்தில் ஏறக்குறைய 90 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் அடங்கும். 15 மீட்டர் நகர்ந்து ஒரு படம், 27 மீட்டர் தள்ளி அடுத்த வரிசை. ஐந்து ஏக்கருக்குச் சுற்றுப்புறமும் சேர்த்து ஏறக்குறைய 100 படம் வரும். பறக்கும் நேரம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 120 மீட்டர் வரை போனால் படங்கள் குறையும், ஆனால் கல் தெரியாது. உயரத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்த ஆபரேட்டர் நினைப்பார், விடாதீர்கள்.

பிறகு நான்கு மூலைகளிலிருந்தும் உள்நோக்கிச் சாய்வாக ஒவ்வொரு படம். நான்கு பக்கங்களின் நடுவிலிருந்தும் ஒவ்வொன்று. எல்லைக்கல் ஒவ்வொன்றுக்கும் மேலே 15 மீட்டர் உயரத்தில் நின்று ஒரு படம். கிணறு, போர், மோட்டார் ரூம், வேலி, வாசல், பாதை ஒவ்வொன்றும் தனியாக. இவ்வளவும் முடிந்த பிறகு வீடியோ.

தென்னந்தோப்புக்கு ஒரு தனிச் செய்தி. மட்டை மூடியிருப்பதால் நேர் மேல் படத்தில் தரை தெரியாது, கல்லும் தெரியாது. ஆனால் மரத்தை எண்ணிவிடலாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு 70 மரம் வர வேண்டும். மேலிருந்து ஒவ்வொரு தலையும் நட்சத்திரம் மாதிரித் தனியாகத் தெரியும். குத்தகைக்கு விடும்போதும், சாலைக்கோ குழாய்க்கோ நில எடுப்பு அறிவிப்பு வரும்போதும் தேதியோடு கூடிய இந்தக் கணக்கு கைகொடுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா தோப்புகளில் விழுந்த மரங்களை எண்ணித்தான் நிவாரணம் கணக்கிட்டார்கள். புயலுக்கு முந்தைய படம் கையில் இருந்தால் "இருந்தது இவ்வளவு, விழுந்தது இவ்வளவு" என்று காட்டுவதில் எவ்வளவு வேறுபாடு என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டு அரை மணி நேரம் கழித்து மொட்டை மாடியை நேர் மேலிருந்து எடுத்தால் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் தளத்தின் வாட்டம் தப்பு. ஓட்டு வீட்டில் நகர்ந்த ஓடும் உடைந்த ஓடும் ஏணி போடாமலே தெரியும். பக்கத்து வீட்டு மாடியும் குளியலறைப் பக்கமும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அந்தக் கோப்பை யாருக்கும் பகிரக் கூடாது.

9. ஒட்டிய வரைபடமும் அதன் வரம்பும்

100 படங்களையும் மென்பொருளில் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பெரிய நேர்ப்படமாக ஆக்கித் தரும். இலவசமாக வெப்ஓடிஎம் இருக்கிறது, காசுக்கு பிக்ஸ்4டி, மெட்டாஷேப் போன்றவை. ஒட்டிய படத்தை கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து இரண்டு கல்லுக்கு நடுவே தூரம் அளக்கலாம்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளியிருக்கும். படத்துக்குள் உள்ள பொருட்களின் ஒன்றுக்கொன்றான தூரம் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் படம் மொத்தமாக உலகத்தில் உட்கார்ந்திருக்கும் இடம் தள்ளிப்போயிருக்கும். சென்டிமீட்டர் அளவில் இடம் சரியாக வேண்டுமென்றால் ஆர்டிகே வசதியுள்ள (பறக்கும்போதே ஜிபிஎஸ் பிழையைத் திருத்திக்கொள்ளும்) ட்ரோன் அல்லது தரையில் டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவி வைத்து அளந்த குறிகள் வேண்டும். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோனில் அளந்தபோதும் தரையில் நிலையான நிலையங்களின் துணையோடுதான் அளந்தார்கள். உங்களுக்கு அது தேவையா? வருடாந்தரக் கண்காணிப்புக்குத் தேவையில்லை. நீதிமன்றத்தில் நிற்கும் தகராறு என்றால் தேவைப்படலாம்.

சரிபார்க்க எளிய வழி: இரண்டு எல்லைக்கல்லுக்கு நடுவே தூரத்தை டேப்பில் அளங்கள். அதே தூரத்தைப் படத்தில் அளங்கள். புலப்படத்தில் உள்ள எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். டேப்பும் படமும் ஒத்துப்போய், புலப்படம் மட்டும் வேறுபட்டால் கல்லோ வரப்போ நகர்ந்திருக்கலாம். டேப்பும் படமுமே ஒத்துப்போகவில்லை என்றால் படத்தை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள், ஒட்டியதில் கோளாறு.

20 சென்ட் மனையைச் சதுரம் என்று வைத்தால் ஒரு பக்கம் 28 மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் வேலி ஒரு அடி உள்ளே வந்தாலே 90 சதுர அடிக்கு மேல் போய்விடும். ஒரு அடி தரையில் கண்ணுக்கே தெரியாது.

10. ஆக்கிரமிப்பு தெரிந்தால்

படத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். முதலில் நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். இப்போது அரசின் தமிழ்நிலம் தளத்தில் இணையம் வழியாகவே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். பக்கத்து நிலத்துக்காரர்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டு அரசு நில அளவர் வந்து அளப்பார். அவர் வரும்போது உங்கள் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். கல் எங்கே இருந்தது என்று தேடும் நேரம் மிச்சமாகும்.

வழக்கு என்று போனால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்வையிடச் சொல்லலாம். தனியார் நிலத்தில் 12 ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ச்சியாக அனுபவித்து வந்ததாக நிரூபித்தால் எதிரிடை அனுபவ உரிமை, அதாவது அனுபவித்ததை வைத்தே நிலம் தன்னுடையது என்ற உரிமை, கோர முடியும் என்பது சட்டம். வெளியூரில் இருக்கிறவர்கள் வருடாந்தரப் படத்தை விடாமல் எடுக்க இதுவே முதல் காரணம். வேலி எந்த ஆண்டில் உள்ளே வந்தது என்று உடனே தெரிந்தால் உடனே நடவடிக்கை எடுக்கலாம்.

11. கோப்புகளைப் பாதுகாப்பது

மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் கேட்கப்படும். ஹேஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண்ணெழுத்து வரிசை. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது முழுதாக மாறிவிடும். எடுத்த அன்றே கணினியில் ஹேஷ் எடுத்து ஒரு கோப்பில் எழுதி, அதை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். தேதியும் சேர்ந்து பதிவாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம், இடம், உயரம் எல்லாம் அழிந்துவிடும். மூலக் கோப்பை டிரைவிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள். பிரைட்னஸ் கூட்டுவது, கோடு போடுவது எதுவானாலும் நகலில் மட்டும். ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு இணையச் சேமிப்பு என்று இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்புறைக்குப் புல எண்ணும் தேதியும் பெயராக இருக்கட்டும். பட்டா நகலும் புலப்படமும் கல்லின் போன் படங்களும் அதே கோப்புறைக்குள் இருந்தால் பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் திறந்தாலும் புரியும்.

12. அடுத்த வருடம்

பறந்த பாதையின் கோப்பை ஆபரேட்டரிடமிருந்து வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் வேறு ஆள் வந்தாலும் அதே உயரம், அதே வரிசை, அதே மாதம். கிளம்பும் இடத்தையும் கிணற்று மேடு, களம் என்று ஏதாவது ஒரு நிலையான இடமாக வைத்துக்கொள்ளுங்கள். புதுப் படத்தையும் பழைய படத்தையும் கியூஜிஐஎஸ்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். இரண்டும் சில மீட்டர் தள்ளி நின்றால் எல்லைக்கல் குறிகளை வைத்து ஒன்றுக்கொன்று பொருத்திவிட்டு, மேல் படத்தை மறைத்து மறைத்துக் காட்டினால் எது நகர்ந்தது என்று கண்ணே சொல்லிவிடும்.

விற்கும் எண்ணம் வந்தால் வாங்குபவருக்குத் தரும் படத்தில் மஞ்சள் கோடு போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் கோடு எல்லைக்கல் குறிகளை இணைத்துப் போட்டதாக இருக்கட்டும். வேலியை வைத்து யூகமாகப் போட்ட கோட்டைப் பார்த்து ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டால், கிரயம் ஆகும் நாளில் அளந்து பார்த்து வரும் வித்தியாசத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.